விசாரணையின்றி முடக்கப்பட்ட குரல்: பால் ராப்சனின் வாழ்வு

1952 மே 18. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டியுள்ள பிளெய்ன் என்னும் சிற்றூர். அங்குள்ள அமைதி வளைவுப் பூங்காவில், எல்லைக்கோட்டுக்கு இப்பால் அமெரிக்க மண்ணில் ஒரு லாரி நின்றது. அதன் திறந்த பின்தளம்தான் அன்றைய மேடை. ஐம்பத்து நான்கு வயதான கருப்பின மனிதர் ஒருவர் அதன்மீது ஏறி நின்று பாடினார். பல்லாயிரக்கணக்கான மக்கள், அவர்களில் பெரும்பாலோர் எல்லைக்கு அப்பால் நின்றபடி, அவர் பாட்டைக் கேட்டனர். சில மாதங்களுக்கு முன்பு, வான்கூவரில் நடந்த சுரங்கத் தொழிலாளர் சங்க மாநாட்டில் பாடுவதற்காகப் புறப்பட்ட அவரை எல்லையில் அதிகாரிகள் தடுத்து நிறுத்தியிருந்தனர். அக்காலத்தில் அமெரிக்கக் குடிமக்கள் கனடா செல்வதற்குக் கடவுச்சீட்டே தேவையில்லை. ஆயினும் அவருக்கு வழி மறிக்கப்பட்டது. மாநாட்டுக்கு அவர் தொலைபேசி வழியாகப் பாடினார். அதன் பிறகே, எல்லைக்கோட்டிலேயே இசை நிகழ்ச்சி நடத்துவதென்று சங்கம் முடிவெடுத்தது.

அவர்மீது குற்றப்பத்திரிகை இல்லை; விசாரணை இல்லை; தீர்ப்பும் இல்லை. தண்டனை மட்டும் இருந்தது. அது எட்டு ஆண்டுகள் நீடித்தது. மேடையிலும் திரையிலும் உலகப் புகழ் பெற்ற பால் ராப்சன்தான் அவர். நடிகராகவும் பாடகராகவும் அறியப்பட்ட அவர் சட்டம் பயின்றவர் என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. அவரது வாழ்வைச் சட்டம் படித்த கண்ணோடு பார்க்கும்போது வேறு சில செய்திகள் தெரியவருகின்றன.

ராப்சன் 1898 ஏப்ரல் 9 அன்று நியூ ஜெர்சி மாநிலத்தின் பிரின்ஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை வில்லியம் ட்ரூ ராப்சன் வட கரோலினாவில் அடிமையாகப் பிறந்தவர். 1860இல், பதினைந்து வயதில், பண்ணையிலிருந்து தப்பி வடக்கே வந்தவர். பின்னர் லிங்கன் பல்கலைக்கழகத்தில் இறையியல் பயின்று, பிரின்ஸ்டனில் கருப்பின மக்களின் திருச்சபை ஒன்றுக்குப் போதகரானார். இருபது ஆண்டுகாலப் பணிக்குப் பிறகு, வெள்ளையினத்தார் மேலாதிக்கம் செலுத்திய சபைத் தலைமை அவரைப் பதவியிலிருந்து இறக்கியது. சபை மக்கள் அவர் பக்கம் நின்றும் பயனில்லை. நேற்றுவரை பிரசங்க மேடையில் நின்றவர், அதே நகரத்தின் தெருக்களில் வீடு வீடாகச் சாம்பல் அள்ளும் வண்டி ஓட்டினார். 1904இல் அடுப்புத் தீ ஆடையில் பற்றித் தாய் மரியா லூயிசா இறந்தபோது பாலுக்கு ஆறு வயதுகூட நிறையவில்லை. பிற்பாடு தந்தை வேறொரு திருச்சபைப் பிரிவில் சேர்ந்து மீண்டும் போதகரானார். பேச்சுக்கலையையும் பாடம் ஒப்பிக்கும் ஒழுங்கையும் மகனுக்குக் கற்றுத்தந்தவர் அவரே. தந்தை ஒருநாளும் தம் இழிவைக் குறித்துப் புலம்பியதில்லை என்பதை ராப்சன் தம் வாழ்நாள் முழுவதும் பெருமையோடு நினைவுகூர்ந்தார்.

சொந்த ஊரிலிருந்த பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் அக்காலத்தில் கருப்பின மாணவர்களைச் சேர்ப்பதில்லை. எனவே 1915இல் மாநில அளவிலான தேர்வில் வென்று உதவித்தொகையுடன் ரட்கர்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். அக்கல்லூரியின் வரலாற்றில் அவர் மூன்றாவது கருப்பின மாணவர். அவர் சேர்ந்தபோது அங்கே அவர் ஒருவர் மட்டுமே. கால்பந்து அணித் தேர்வுக்குச் சென்ற முதல் நாளிலேயே சக மாணவர்கள் அவரது மூக்கை உடைத்துத் தோளையும் பிசகச் செய்தனர். காயம் ஆறியதும் மறுபடியும் திடலுக்குச் சென்றார். 1916இல் தென்மாநிலக் கல்லூரி அணி ஒன்று, கருப்பினத்தவர் உள்ள அணியோடு ஆடமாட்டோம் என்று மறுத்தபோது, ரட்கர்ஸ் நிர்வாகம் அதற்குப் பணிந்து அவரை வெளியே உட்கார வைத்தது. அதே ராப்சன் அடுத்த இரு ஆண்டுகளில் அனைத்து அமெரிக்க அணிக்குத் தேர்வானார். 1919இல் வகுப்பின் முதல் மாணவராக விடையளிப்பு உரையும் நிகழ்த்தினார். கல்லூரிக் கால்பந்தின் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டதோ 1995இல்தான். அவர் இறந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

1920இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டப்படிப்பைத் தொடங்கினார். (அண்ணல் அம்பேத்கர் அப்பல்கலைக்கழகத்திலிருந்து புறப்பட்டு அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.) படிப்புச் செலவுக்காக வார இறுதிகளில் தொழில்முறைக் கால்பந்து ஆடினார். 1921இல் எஸ்லாண்டா குட் என்பவரை மணந்தார். நியூயார்க் மருத்துவமனை ஒன்றின் ஆய்வகத்தில் வேதியியலாளராகப் பணியாற்றிய எஸ்லாண்டா, பின்னாளில் மானுடவியல் பயின்று ஆப்பிரிக்காவைப் பற்றி நூலும் எழுதியவர். கணவர் மேடைக்குச் செல்ல வேண்டுமென்று வற்புறுத்தியதிலும், தொடக்க ஆண்டுகளில் அவரது தொழில் விவகாரங்களைக் கவனித்துக்கொண்டதிலும் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. வரலாறு அவரை மனைவியாக மட்டும் குறித்து வைத்திருப்பது அநீதி.

1923இல் சட்டப் பட்டம் பெற்ற ராப்சன் நியூயார்க்கில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் சேர்ந்தார். அங்கே ஒருநாள் ஒரு குறிப்பைச் சொல்லி எழுதவைக்க முயன்றபோது, வெள்ளையினச் சுருக்கெழுத்தாளர் இழிசொல் ஒன்றைக் கூறி எழுத மறுத்தார். அலுவலகத்தின் மூத்தவர் இரக்கம் உள்ளவர்தாம். ஆயினும் வெள்ளையினக் கட்சிக்காரர்கள் ஒரு கருப்பின வழக்கறிஞரை நீதிமன்றத்தில் தங்களுக்காக வாதாட அனுமதிக்கமாட்டார்கள் என்று எடுத்துரைத்தார். ஹார்லெமில் ஒரு கிளை தொடங்கி அதை அவரிடம் ஒப்படைக்கலாம் என்பதே அவர் காட்டிய வழி. தனிக் கிணறு, தனிக் குவளை என்பதைப் போல இதுவும் ஒரு தீர்வு. ராப்சன் வேலையை விட்டு வெளியேறினார். அதன்பின் அவர் வழக்கறிஞராக எந்த நீதிமன்றத்திலும் நிற்கவில்லை.

மாணவராக இருந்தபோதே அவர் சிறு நாடகங்களில் நடித்திருந்தார். 1924இல் புராவின்ஸ்டவுன் நாடகக் குழு, யூஜின் ஓ'நீலின் இரு நாடகங்களில் அவருக்கு முதன்மைப் பாத்திரங்களை அளித்தது. அவற்றுள் 'ஆல் காட்ஸ் சில்லன் காட் விங்ஸ்', கருப்பின ஆணும் வெள்ளையினப் பெண்ணும் மணம் புரிந்து வாழும் கதை. மேடையில் அப்பெண் அவன் கையை முத்தமிடுவாள் என்ற செய்தி வெளியானதும் நாளேடுகள் கொதித்தெழுந்தன. மிரட்டல் கடிதங்கள் குவிந்தன. நாடகத்தை நேரடியாகத் தடுக்கச் சட்டத்தில் வழியில்லாத நகர நிர்வாகம், முதல் காட்சியில் தோன்றும் குழந்தை நடிகர்களுக்கு உரிய அனுமதியைக் கடைசி நேரத்தில் மறுத்தது. மே 15 அன்று திரை விலகியபோது, இயக்குநர் மேடைக்கு வந்து அக்காட்சியை வாசித்துக் காட்டினார். பிறகு நாடகம் தொடர்ந்தது. தடை என்ற சொல்லே இல்லாமல் தடைசெய்யும் இந்த நிர்வாகத் தந்திரம் நமக்குப் புதிதல்ல. உரிமத்தின் பெயரால், நேரத்தின் பெயரால், போக்குவரத்தின் பெயரால் கூட்டங்களுக்கு அனுமதி மறுக்கும் ஆணைகளை வாசித்துப் பழகிய எவருக்கும் அந்த நகர நிர்வாகத்தின் கையெழுத்து அடையாளம் தெரியும்.

அடுத்த ஆண்டு இரண்டு முக்கியத் தொடக்கங்கள் நிகழ்ந்தன. கருப்பினத் திரைப்பட முன்னோடி ஆஸ்கர் மிஷோ இயக்கிய 'பாடி அண்ட் சோல்' என்னும் பேசாப் படத்தில் இரட்டை வேடங்களில் நடித்தார். ஏப்ரலில் இசைக்கலைஞர் லாரன்ஸ் பிரவுனுடன் சேர்ந்து, அடிமைகளின் சமயப் பாடல்களையும் உழைப்புப் பாடல்களையும் மட்டுமே கொண்ட முழுநீள நிகழ்ச்சியை நியூயார்க்கில் வழங்கினார். பருத்திக் காட்டில் பிறந்த பாடல்களை, ஐரோப்பியச் செவ்வியல் இசைக்குத் தரப்படும் அதே மரியாதையோடு அரங்கில் நிறுத்திய செயல் அது.

1920களின் பிற்பகுதியில் குடும்பம் லண்டனில் குடியேறியது. 1928இல் அங்கு 'ஷோ போட்' இசை நாடகத்தில் அவர் பாடிய ஆற்றுப்பாட்டு அவருக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தது. வெள்ளையினத்தார் பாராட்டி ரசித்த அப்பாடலின் சோர்வையும் சரணாகதியையும் அவர் பின்னாளில் மாற்றினார். போராடித் தீருவேன் என்னும் பொருள்படச் சொற்களைத் திருத்தியே பாடினார். லண்டன் வாழ்வும் முற்றிலும் இனியதன்று. 1929இல் புகழ்பெற்ற ஓர் உணவகம் நிறத்தைக் காரணம் காட்டி அவருக்கு இடம் மறுத்தது. அது பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வியாகவும் எழுந்தது. ஆயினும் 1930இல் சவாய் அரங்கில் பெக்கி ஆஷ்கிராஃப்டுடன் 'ஒத்தெல்லோ'வில் நடிக்க அங்கே இயன்றது. அமெரிக்காவில் அன்று அது கற்பனைக்கும் எட்டாதது. நூறாண்டுகளுக்கு முன் பிறந்த நாட்டில் வாய்ப்பின்றி லண்டன் வந்து ஒத்தெல்லோவாக நடித்த கருப்பின நடிகர் ஐரா ஆல்ட்ரிட்ஜின் மகள் அமாண்டாவே, அவ்வேடத்துக்காக ராப்சனுக்கு உச்சரிப்புப் பயிற்சி அளித்தார்.

திரைப்படம் அவருக்கு வேறொரு பாடத்தைக் கற்பித்தது. மேடையில் நடிகரின் உடலும் குரலும் இரவுதோறும் அவர் வசமே இருக்கின்றன. திரையில் கத்தரி வேறொருவர் கையில் இருக்கிறது. 1935இல் வெளியான 'சாண்டர்ஸ் ஆஃப் தி ரிவர்' படத்தில், ஆப்பிரிக்கப் பண்பாட்டைக் கண்ணியமாகக் காட்டும் வாய்ப்பு என்று நம்பியே அவர் ஒப்புக்கொண்டார். ஆப்பிரிக்காவில் எடுக்கப்பட்ட நடனக் காட்சிகள் அவரை ஈர்த்திருந்தன. அக்காலத்தில் லண்டன் கீழ்த்திசையியல் கல்லூரியில் ஆப்பிரிக்க மொழிகளைப் பயின்றுகொண்டிருந்தவர் அவர். பின்னாளில் கென்யாவின் முதல் குடியரசுத் தலைவரான ஜோமோ கென்யாட்டாவும் அப்படத்தில் துணை நடிகர்களுள் ஒருவர். வெளிவந்த படமோ, வெள்ளையின அதிகாரியின் காலனி ஆட்சியைப் போற்றுவதாகவும், ராப்சன் ஏற்ற தலைவன் பாத்திரத்தை அந்த அதிகாரியின் விசுவாச ஊழியனாகச் சுருக்குவதாகவும் அமைந்தது. கருப்பின விமர்சகர்கள் அவரைக் கடுமையாகச் சாடினர். அவர் சாக்குச் சொல்லவில்லை. படத்தை வெளிப்படையாகக் கைவிட்டார். அடுத்து வந்த 'சாங் ஆஃப் ஃப்ரீடம்' படத்துக்கு, இறுதி வடிவம் தமது ஒப்புதலைப் பெற வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினார். சட்டப்படிப்பு வீண்போகவில்லை.

திரையில் அவர் மனநிறைவோடு குறிப்பிட்ட படம் 1940இல் வெளியான 'தி ப்ரவுட் வேலி'. வேல்ஸ் நாட்டுச் சுரங்கக் கிராமத்துக்கு வரும் கருப்பின மாலுமி, தொழிலாளரோடு ஒன்றாகிப் பாடி, உழைத்து, இறுதியில் சுரங்கத்தில் அவர்களுக்காக உயிர்விடும் கதை அது. அந்த உறவு திரைக்கதையில் பிறந்ததன்று. 1920களின் இறுதியில் வேலையிழந்து லண்டன் தெருக்களில் பாடிவந்த வேல்ஸ் சுரங்கத் தொழிலாளரோடு அவர் நடந்தவர். 1938 ஜனவரியில் பிராங்கோவை எதிர்த்து நின்ற ஸ்பெயின் குடியரசின் போர்முனைக்கே சென்று பன்னாட்டுப் படைவீரர்களுக்காகப் பாடினார். அதே ஆண்டு லண்டன் வந்த ஜவாகர்லால் நேருவின் வரவேற்புக் கூட்டத்தில் இந்திய விடுதலையை ஆதரித்து நின்றார். 1942இல் 'டேல்ஸ் ஆஃப் மன்ஹாட்டன்' மறுபடியும் கருப்பின உழவர்களைக் கேலிச்சித்திரமாக்கியபோது, ஆலிவுட்டே வேண்டாமென்று விலகினார். அவர் நடித்த கதைப்படங்களில் அதுவே கடைசி.

1943 அக்டோபர் 19 அன்று பிராட்வேயில் மார்கரெட் வெப்ஸ்டர் இயக்கத்தில் 'ஒத்தெல்லோ' அரங்கேறியது. டெஸ்டிமோனாவாக ஊட்டா ஹேகன், இயாகோவாக ஹோசே ஃபெரர். அமெரிக்காவின் பெருமேடையில் வெள்ளையின நடிகர்களுக்கு நடுவே ஒரு கருப்பினத்தவர் ஒத்தெல்லோவாக நின்றது அதுவே முதன்முறை. 296 முறை நடந்தது. பிராட்வேயில் வேறெந்த ஷேக்ஸ்பியர் நாடகமும் இவ்வளவு காலம் ஓடியதில்லை. பின்னர் நாடகம் ஊர் ஊராகச் சென்றபோது, பார்வையாளரை நிறத்தால் பிரித்து உட்காரவைக்கும் அரங்குகளில் நடிக்கமாட்டேன் என்பது அவரது நிபந்தனை. ஒத்தெல்லோவுக்கு மேடை கொடுத்துவிட்டு ஒத்தெல்லோவின் மக்களைப் பின்வரிசைக்கு அனுப்பும் ஏற்பாட்டை அவர் ஏற்கவில்லை.

போர் முடிந்து ஊர் திரும்பிய கருப்பினப் படைவீரர்கள் தெற்கில் கும்பல் கொலைகளுக்கு இரையாயினர். 1946இல் ராப்சன் தலைமையில் ஒரு குழு ஜனாதிபதி ட்ரூமனைச் சந்தித்து, கும்பல் கொலைத் தடுப்புச் சட்டம் வேண்டுமெனக் கோரியது. காலம் இன்னும் கனியவில்லை என்பதே ட்ரூமனின் விடை. 1949 ஏப்ரலில் பாரிஸ் அமைதி மாநாட்டில் ராப்சன் ஆற்றிய உரை அமெரிக்க ஏடுகளில் திரித்து வெளியிடப்பட்டது. சோவியத்துக்கு எதிராகக் கருப்பின மக்கள் போரிடமாட்டார்கள் என அவர் அறிவித்ததாகச் செய்தி பரவியது. பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன் நாடாளுமன்றக் குழுமுன் அழைக்கப்பட்டு அவருக்கெதிராகச் சாட்சி சொல்ல வைக்கப்பட்டார். ஒரு கருப்பினத்தவரைக் கொண்டே இன்னொருவரை வீழ்த்தும் அந்த ஏற்பாடு ராப்சனுக்குப் புரியாமலில்லை; ராபின்சனைத் தாக்கிப் பேச அவர் மறுத்துவிட்டார்.

அந்த ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தின் பீக்ஸ்கில் நகரருகே அவர் பாடவிருந்த நிகழ்ச்சியை, அவர் வந்து சேர்வதற்கு முன்பே ஒரு கும்பல் தாக்கிக் கலைத்தது. செப்டம்பர் 4 அன்று தொழிற்சங்கத்தினர் மனிதச் சுவராக நிற்க, மீண்டும் அங்கேயே பாடினார். நிகழ்ச்சி முடிந்து திரும்பிய வண்டிகள்மீது சாலை நெடுகக் கற்கள் பொழிந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். முதல் உலகப்போரில் பிரான்சுக்காகப் பறந்த முதல் கருப்பின அமெரிக்கப் போர்விமானி யூஜீன் புல்லார்டைக் காவலர்களும் சேர்ந்து அடித்து வீழ்த்தினர். நிழற்படங்கள் அதற்குச் சான்று.

1950இல் அவரது கடவுச்சீட்டு செல்லாததாக்கப்பட்டது. அவர் வெளிநாடு செல்வது நாட்டின் நலனுக்கு உகந்ததன்று என்பதற்குமேல் வெளியுறவுத் துறை விளக்கம் தரவில்லை. வழக்கு நடந்தபோது அரசுத் தரப்பின் எழுத்துவாதத்தில் உண்மை வெளிப்பட்டது: ஆப்பிரிக்கக் காலனி மக்களின் விடுதலைக்காக அவர் நெடுங்காலமாகத் தீவிரமாக இயங்கிவந்ததும் ஒரு காரணமாகச் சுட்டப்பட்டிருந்தது. அதாவது, தாய்நாட்டில் தன் மக்கள் படும் பாட்டை வெளியில் போய்ச் சொல்லக்கூடாது. 1951 டிசம்பரில், கருப்பின மக்கள்மீதான வன்கொடுமைகளை இனப்படுகொலை எனக் குற்றஞ்சாட்டும் மனுவை ஐக்கிய நாடுகள் அவைக்கு அளிக்க வேண்டிவந்தபோது, வில்லியம் பேட்டர்சன் பாரிசில் அளித்தார். ராப்சனால் நியூயார்க் அலுவலகத்தில் மட்டுமே அளிக்க முடிந்தது. (ஐக்கிய நாடுகள் அவையிடம் முறையிடும் இவ்வழியைத் தாழ்த்தப்பட்ட மக்களுக்காக எண்ணிப் பார்த்த அம்பேத்கர், 1946இலேயே கருப்பின அறிஞர் டு பாய்சுக்குக் கடிதம் எழுதி, அவ்வாண்டு கருப்பினத்தவர் அளித்த ஒரு மனுவின் நகலைக் கேட்டிருந்தார்.)

உள்நாட்டிலும் அரங்குகள் மூடிக்கொண்டன. தொலைக்காட்சி அவரைத் தவிர்த்தது. இசைத்தட்டு நிறுவனங்கள் கைவிட்டன. ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலரைத் தாண்டியிருந்த வருமானம் சில ஆயிரங்களுக்குச் சரிந்தது. வெளியே சென்று பிழைக்கலாமென்றால் கடவுச்சீட்டு இல்லை. கம்யூனிஸ்ட் அல்லன் என்று உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திட்டால் தரலாம் என்றது அரசு. ஒரு குடிமகனின் அரசியல் நம்பிக்கையைக் கேட்கும் உரிமை அரசுக்கு இல்லை என்பதால் அவர் கையெழுத்திடவில்லை. நிர்வாக வழிகளை முழுமையாகப் பயன்படுத்தவில்லை என்ற காரணம் கூறி மேல்முறையீட்டு நீதிமன்றம் 1956இல் அவரது வழக்கைத் தள்ளியது. எந்த உறுதிமொழியை எதிர்த்து வழக்காடுகிறாரோ அதைக் கொடுத்துவிட்டு வா என்பதுதான் இதன் பொருள். மாற்று வழி இருக்கிறதே என்று ரிட் மனுக்கள் தள்ளப்படுவதைக் கண்ட எந்த வழக்கறிஞருக்கும் இது அடிவயிற்றில் உறைக்கும்.

அதே ஆண்டு ஜூன் 12 அன்று அமெரிக்க விரோத நடவடிக்கைகளுக்கான நாடாளுமன்றக் குழு அவரை விசாரித்தது. ரஷ்யாவிலேயே இருந்துவிட்டிருக்கலாமே என்று கேட்கப்பட்டபோது, தம் தந்தை அடிமையாக இருந்த நாடு இது, தம் மக்கள் செத்துக் கட்டியெழுப்பிய நாடு இது, இதில் தமக்குரிய பங்கை விட்டுக்கொடுத்து வெளியேறப் போவதில்லை என்ற கருத்தில் விடையளித்தார். தலைவர் கூட்டத்தை அவசரமாக முடித்தார். சாட்சிக் கூண்டில் நின்றபடி எதிரே இருந்தவர்களை விசாரித்த அந்த ஒரு மணி நேரத்தையே, அவர் வாதாடாமற்போன வழக்குகள் அனைத்துக்கும் ஈடாக நான் கருதுகிறேன்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1949 ஜூனில் மாஸ்கோ சென்ற ராப்சன், சிறையிலிருந்து அழைத்துவரப்பட்ட யூதக் கவிஞர் இட்சிக் ஃபெஃபரைச் சந்தித்தார். யூத எழுத்தாளர்களுக்கு நேர்ந்துகொண்டிருந்ததைச் சைகையால் அறிந்தார். அங்கு நடந்த இசை நிகழ்ச்சியில் வார்சா யூதச் சேரிக் கிளர்ச்சியை நினைவூட்டும் பாடலை இத்திஷ் மொழியில் பாடினார், அரங்கம் அதிர்ந்தது. ஆனால் அமெரிக்கா திரும்பிய பிறகு அதைப் பற்றி வெளியே வாய் திறக்கவில்லை. 1952இல் ஃபெஃபர் சுட்டுக்கொல்லப்பட்டார். 1953இல் ஸ்டாலின் இறந்தபோது ராப்சன் புகழ்ந்து எழுதினார். எதிரிகளுக்கு ஆயுதம் கொடுக்கக்கூடாது என்பது அவர் நியாயமாக இருக்கலாம். தம் நாட்டில் ஒடுக்கப்பட்டோரின் மௌனத்தை உடைத்தவர், இன்னொரு நாட்டின் ஒடுக்கப்பட்டோர் விஷயத்தில் மௌனம் காத்தார். அவரை நேசிப்பவர்களே இதை முதலில் சொல்ல வேண்டும்.

1957 மே மாதம் லண்டனின் செயின்ட் பாங்கரஸ் மன்றத்தில் ஆளில்லாத மேடையை நோக்கி அமர்ந்திருந்தவர்களுக்கு, அட்லாண்டிக் கடலடித் தொலைபேசி வடம் வழியே நியூயார்க்கிலிருந்து பாடினார். அக்டோபரில் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளரின் விழாவுக்கும் அவ்வாறே. 1958 ஏப்ரலில் அவரது அறுபதாம் பிறந்தநாளைக் கொண்டாட இந்தியாவில் அமைந்த குழுவுக்குப் பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா தலைமை ஏற்றார். அமெரிக்கத் தூதரகம் அதைத் தடுக்க முயன்றும் விழா நடந்தது; நேரு வாழ்த்தினார்.

அவ்வாண்டு ஜூன் 16 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், பயணம் செய்யும் உரிமை குடிமகனின் சுதந்திரத்தில் அடங்கும் என்றும், நம்பிக்கையைக் காரணமாக்கிக் கடவுச்சீட்டை மறுக்க வெளியுறவுத் துறைச் செயலருக்கு நாடாளுமன்றம் அதிகாரம் அளிக்கவில்லை என்றும் தீர்ப்பளித்தது. வழக்கின் பெயர் கென்ட் எதிர் டல்லஸ். கென்ட் ஓர் ஓவியர், வெள்ளையினத்தவர். ராப்சனின் கடவுச்சீட்டும் அத்தீர்ப்பால் திரும்பி வந்தது. ஆனால் சட்ட வரலாற்றில் அவர் பெயர், தள்ளப்பட்ட மனுவில்தான் இருக்கிறது. வெளிநாடு செல்லும் உரிமை அரசமைப்பின் 21ஆம் கூறில் அடங்கும் என்று நம் உச்ச நீதிமன்றம் 1967இல் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் கூறியபோது கென்ட் தீர்ப்பை விவாதித்தது. அவ்வழியே 1978இல் மேனகா காந்தி வழக்கு வந்தது. சட்டக் கல்லூரியில் நாங்கள் இவ்விரண்டையும் மனப்பாடம் செய்தோம். ராப்சனின் பெயரை எந்த வகுப்பிலும் கேட்டதில்லை.

விடுபட்டவர் உடனே புறப்பட்டார். 1959இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் மீண்டும் ஒத்தெல்லோவாக நடித்தார். 1960இல் ஆஸ்திரேலியாவில், கட்டப்பட்டுக்கொண்டிருந்த சிட்னி இசை அரங்கின் சாரங்களில் அமர்ந்திருந்த தொழிலாளருக்காகப் பாடினார். அவ்வரங்கில் பாடிய முதல் பெருங்கலைஞர் அவரே. ஆனால் எட்டாண்டு முற்றுகை உடலிலும் மனத்திலும் தங்கிவிட்டிருந்தது. 1961 மார்ச்சில் மாஸ்கோவில் தம்மைத்தாமே மாய்த்துக்கொள்ள முயன்றார். லண்டன் மருத்துவமனையில் ஐம்பத்து நான்கு முறை மின்னதிர்ச்சி அளிக்கப்பட்டது. 1963 இறுதியில் தாயகம் திரும்பினார். குடியுரிமை இயக்கம் உச்சத்தில் இருந்த காலம் அது. அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே களத்தில் நின்ற அவரோ பொதுவாழ்விலிருந்து ஒதுங்கினார். 1965இல் எஸ்லாண்டா மறைந்தார். பிலடெல்பியாவில் சகோதரி மரியனின் வீட்டில் எஞ்சிய ஆண்டுகளைக் கழித்தார்.

1973இல் நியூயார்க் கார்னகி மன்றத்தில் அவரது எழுபத்தைந்தாம் ஆண்டு விழா நடந்தது. வர இயலாத அவர், ஒலிநாடாவில் பதிந்த சிறு செய்தியை அனுப்பினார். நிறைந்த அரங்கம் அக்குரலை மட்டும் கேட்டது. 1976 ஜனவரி 23 அன்று, எழுபத்தேழு வயதில், பிலடெல்பியாவில் இறந்தார். அவரது அண்ணன் பென் நெடுங்காலம் போதகராயிருந்த ஹார்லெம் தேவாலயத்தில் இறுதிச் சடங்கு நடந்தது.